ஞாயிறு யாருக்கு ஓய்வு?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனையின் எழுத்து வடிவம்)



விழுப்புரம், திண்டிவனம் பகுதிப் பங்குகளில் பணியாற்றும் குருக்களிடம் மக்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "சாமி, ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவலாமா? தோட்டத்தில் களை பறிக்கலாமா? பரண்மேல் கிடப்பதை இறக்கிச் சுத்தம் செய்யலாமா? அது பாவமா?"

கேட்பவர்கள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. விழுப்புரத்திலிருந்து சென்னை 160 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. விடியுமுன் இரயில் ஏறி, இரவு வீடு திரும்பும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே பலர். வாரம் முழுவதும் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு வந்து சேர்கிறவர்களும் உண்டு. வண்டியின் செயின் தொங்குகிறது, சமையலறைக் குழாய் சொட்டுகிறது, கொல்லையில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். அந்த நாளில் திருப்பலியும் உண்டு, பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் உண்டு, உறவினர் வீட்டு விசேஷமும் உண்டு. அப்படிப்பட்டவர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அதற்கு ஒழுங்கான விளக்கம் தர வேண்டியது நம் கடமை.

விளக்கத்துக்கு முன்னால், நாம் அனைவரும் மறக்க முடியாத ஒரு சனி, ஞாயிறை உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

வெள்ளத்துக்குப் பின் வந்த சனி, ஞாயிறு

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே இரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் இரயில்கள் நின்றன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றுபோனது.

டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி லூக்கா 21-ஆம் அதிகாரம். கடலின் இரைச்சல் கேட்டு மக்கள் அஞ்சிக் குழம்பும் நாளைப் பற்றியும், அந்த நாளில் தலை நிமிர்ந்து நிற்பதைப் பற்றியும் ஆண்டவர் சொல்லும் பகுதி அது. அந்த வாசகத்தைக் கேட்க அன்று கோவிலுக்கு வரமுடியாதவர்கள் எத்தனையோ பேர்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்த முதல் சனி, ஞாயிறு டிசம்பர் 7, 8. அந்த இரண்டு நாள்களும் நம் தெருக்களில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குடும்பமே நின்று வேலை செய்தது. இழந்தவை அதிகம். ஆனால் அந்த இரண்டு நாள் வேலையில் நாம் கற்றுக்கொண்ட சில காரியங்களை மறந்துவிடக் கூடாது. எனவே அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அடுத்த மழைக்கும் அவை பயன்படும்.

வண்டி

தண்ணீரில் மூழ்கிய இருசக்கர வண்டியைப் பார்த்ததும் நமக்கு முதலில் வரும் ஆசை, "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்பதுதான். அதைத்தான் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

முதலில் வண்டி நின்ற நிலையிலேயே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். முழுக் காப்பீடு எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கேட்க அது உதவும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. பிறகு பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை மிதித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் துவாரம் வழியாக வெளியே வரும். இன்ஜின் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு, மறுபடியும் ஒருமுறை மாற்ற வேண்டும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. டேங்கின் அடியில் போய்த் தங்கிவிடும். அதையும் வடித்தாக வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 விதிப்படி வந்த வண்டிகளில் பெட்ரோல் செலுத்துவது மின்னணு முறையில் நடப்பதால், அந்தப் பகுதியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றைத் துடைப்பது, ஏர் பில்டரை எடுத்துப் பார்ப்பது, செயினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து ஆயில் விடுவது ஆகியவற்றைப் பிள்ளைகளும் செய்யலாம். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் ஸ்பேனரைக் கையில் கொடுங்கள். நாளைக்குக் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போகப்போவது அவள்தான். வழியில் வண்டி நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டத் தெரிந்த பெண்ணுக்கு யாருடைய தயவும் தேவையில்லை.

வீடு

வெள்ளம் புகுந்த வீட்டில் முதல் வேலை மின்சாரம். மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும் வரை எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. அடுத்தது தண்ணீர். நிலத்தடித் தொட்டியிலும் கிணற்றிலும் வெள்ளநீர் கலந்திருந்தால், இறைத்துக் கழுவி, புதுத் தண்ணீர் சேர்ந்ததும் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். சேற்றில் இறங்குகிறவர்கள் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியாக உடலுக்குள் நுழைந்துவிடும்.

பிறகுதான் சாமான்கள். அந்தச் சனிக்கிழமை எத்தனையோ வீட்டு மாடிகளில் கொடி கட்டிப் புத்தகங்களையும் பட்டாவையும் குடும்ப அட்டையையும் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழும் அந்தக் கொடியில் இருந்தது. இனிமேல் இப்படிப்பட்ட காகிதங்களை ஒரே பையில் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மடித்து, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும்.

தோட்டம்

கொல்லையில் என்ன மிஞ்சியது என்பதைப் பார்த்தால், ஒவ்வொரு செடியும் தன் குணத்தைக் காட்டியிருந்தது. பப்பாளிக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஓரிரு நாளிலேயே வாடி அழுகிவிடும். முருங்கை காற்றுக்கு முறியும். ஆனால் முறிந்த கிளையைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்துக்குப் போத்தாக வெட்டி மேட்டு நிலத்தில் நட்டால் அதுவே மரமாகும். ஈரச் சேற்றில் நடந்து மிதித்தால் மண் இறுகிப்போகும். மண் கொஞ்சம் காய்ந்து, கையில் பிடித்தால் உதிரும் பதம் வந்த பிறகு கொத்த வேண்டும். சாக்கடையும் வெள்ளமும் கலந்து நனைத்த காய்களைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது.

கொத்திய மண்ணில் சிறுகீரை தூவினால் ஏறத்தாழ 25 நாளில் பறிக்கலாம். டிசம்பர் 7-ஆம் தேதி விதைத்தது புத்தாண்டுக்குக் குழம்புக்கு ஆகும். கணக்குப் பார்த்தால் பத்து ரூபாய்க் கீரைதான். ஆனாலும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்திருந்த வீட்டில், முளைத்து வந்த அந்தப் பச்சைக்கு விலை சொல்ல முடியாது.

நம்முடைய ஊர் விதைக்குப் பேர்போன ஊர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை இரகங்கள் 'டி.எம்.வி.' என்ற பெயரோடு பல மாநிலங்களுக்குப் போயிருக்கின்றன. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தையே குறிக்கும். ஒரு நல்ல இரகம் கிடைக்க, ஒவ்வொரு பருவமும் விதைத்து, பார்த்து, தேர்ந்தெடுத்து, மறுபடியும் விதைக்க வேண்டும். பிள்ளையை வளர்ப்பதும் அப்படித்தான். அதற்கும் பல பருவங்கள் கூடவே இருக்க வேண்டும்.

வேலையைப் பங்கிட்டுக் கொண்டோம்

அந்த இரண்டு நாள்களில் நம் வீடுகளில் நடந்த ஒன்றைக் கவனித்தீர்களா? 'இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை' என்று அன்று யாரும் பேசவில்லை. அப்பா பாத்திரம் கழுவினார். அம்மா இரும்புக் கட்டிலின் மறுமுனையைத் தூக்கினார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்து ஆணிகளைப் பொறுக்கி நிமிர்த்தினார். பத்து வயதுப் பையன் துடைப்பத்தை எடுத்தபோது, "நீ ஏன்டா?" என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதம், எந்தத் தெரு என்று பார்க்காமல் மோட்டார் பம்பைக் கொடுத்து உதவினார்கள்.

தண்ணீர் வடிந்தது. சில வாரங்களில் அந்தப் பழக்கமும் பல வீடுகளில் வடிந்துவிட்டது.

இது வெறும் என் எண்ணம் அல்ல. 2019-ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களிடம், ஒரு நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலையை ஒரு நாளில் செய்கிறவர்கள் 100 பெண்களில் 81 பேர். 100 ஆண்களில் 26 பேர் மட்டுமே. அந்த வேலையைச் செய்கிற பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். செய்கிற ஆண் 97 நிமிடம். 2024-இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது பெண்ணுக்கு 289 நிமிடம், ஆணுக்கு 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்தது. ஆக, இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

289 நிமிடம் என்றால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இது திங்கள் முதல் சனி வரை மட்டும் நடக்கும் வேலையும் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு, விருந்தாளி, வாரத்துணி எல்லாம் சேர்ந்து அன்றுதான் அந்தக் கணக்கு கூடும். 'ஞாயிறு ஓய்வு நாள்' என்று நாம் சொல்லும்போது, அது யாருக்கு ஓய்வு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கையால் உழைப்பது குறைவானதா?

'ஆபீஸ் வேலைதான் வேலை, கையால் செய்வது கூலி வேலை' என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் போகவில்லை. இயேசுவின் ஊர்க்காரர்கள் அவரை அடையாளம் சொன்னது அவருடைய தொழிலை வைத்துத்தான். மாற்கு நற்செய்தி 6-ஆம் அதிகாரம் அவரையே தச்சர் என்கிறது. மத்தேயு 13-ஆம் அதிகாரம் தச்சரின் மகன் என்கிறது. அங்கே உள்ள 'தெக்தோன்' என்ற கிரேக்கச் சொல், மர வேலை மட்டுமல்லாமல் வீடு கட்டும் கைவினைஞரையும் குறிக்கும். நாசரேத்து போன்ற சிற்றூரில் கதவு, கலப்பை, நுகம், கூரை எல்லாவற்றையும் செய்து தரவும் பழுது பார்க்கவும் ஒரே ஆள்தான் இருந்திருப்பார். யோசேப்பு மகனுக்குக் கற்றுக் கொடுத்தது அந்த வேலையை. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார்.

தொடக்கத் திருஅவையில் ஒரு தம்பதியரைப் பார்க்கிறோம். கொரிந்து நகரில் அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்யும் தொழில் செய்தார்கள். பவுலுக்கும் அதே தொழில். அதனால் அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார் என்று திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. கணவனும் மனைவியும் விருந்தாளியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தைத்த வீடு அது. அந்த வீட்டில்தான் நற்செய்தியும் பேசப்பட்டது. சேர்ந்து வேலை செய்யும்போது வரும் பேச்சு தனி வகை. பிள்ளையை எதிரில் நிற்கவைத்து, "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அதே பிள்ளை செயினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொல்லும்.

திருஅவைச் சட்டம் என்ன சொல்கிறது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 1917-ஆம் ஆண்டுத் திருஅவைச் சட்டத்தொகுப்பு ஞாயிறன்று 'ஊழிய வேலை' செய்வதைத் தடுத்தது. உடலால் செய்யும் உழவு, தையல், கட்டட வேலை போன்றவை அதில் அடங்கும். படிப்பது, எழுதுவது போன்றவை அடங்காது. நம் தாத்தா பாட்டி காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தொடாதே என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

1983-ஆம் ஆண்டில் வந்த புதிய சட்டத்தொகுப்பில், எண் 1247, அந்தச் சொல்லை விட்டுவிட்டது. எந்த வகை வேலை என்று பட்டியல் போடவில்லை. அதற்குப் பதில், அந்த வேலை என்ன விளைவைத் தருகிறது என்று பார்க்கச் சொல்கிறது. இறைவழிபாட்டைத் தடுக்கிறதா? ஆண்டவருடைய நாளுக்குரிய மகிழ்ச்சியைக் கெடுக்கிறதா? உடலுக்கும் உள்ளத்துக்கும் தேவையான ஓய்வைப் பறிக்கிறதா? அப்படியானால் அதை விலக்க வேண்டும். வாரம் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்தவர், திருப்பலி முடிந்து வந்து, மாலையில் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றி, உதிர்ந்த இலையைக் கூட்டினால் அது அவருக்கு ஓய்வு. அதே மனிதர் கோவிலுக்கே வராமல் காலை ஆறு மணிக்கு வண்டியைப் பிரித்துப் போட்டு, கோபத்தோடு இரவு வரை போராடினால் அது வேறு.

அவசரத்துக்கு விதிவிலக்கு எப்போதும் உண்டு. ஓய்வு நாளில் பிள்ளையோ மாடோ கிணற்றில் விழுந்தால் தூக்கமாட்டீர்களா என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே கேட்கிறார். கி.பி. 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வுச் சட்டம் போட்டபோதும், உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். விதைக்கும் நாள் தவறினால் பயிர் போய்விடும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எனவே 2024 டிசம்பர் 8, ஞாயிறன்று சேற்றை வாரியவர்கள் யாரும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல், எண் 2187-இல், நம்முடைய தேவையில்லாத வேலைகளால் மற்றவருடைய ஞாயிறைக் கெடுக்கக்கூடாது என்று கற்பிக்கிறது. இதன் வேர் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. ஓய்வு நாள் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. விடுதலைப் பயண நூல், கடவுள் படைப்பை முடித்து ஓய்ந்ததைக் காரணமாகச் சொல்கிறது. இணைச்சட்ட நூல் 5-ஆம் அதிகாரம் வேறு காரணம் சொல்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஓய்வில்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும், உன் மாடும் கழுதையும்கூட உன்னைப்போல் ஓய்வெடுக்கட்டும்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை கொடுத்திருக்க வேண்டிய வண்டியை ஞாயிறு காலை பத்து மணிக்குத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, கொஞ்சம் அவசரம்" என்று கடையைத் திறக்கச் சொல்கிறோம். அந்த மெக்கானிக் எந்த மதத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று அவர்களைக் கூட்டிக்கொண்டு எங்காவது போக வேண்டும் என்று அவரும் நினைத்திருப்பார். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை ஞாயிறும் வரச்சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டிலேயே இருக்கும் தாயை, மனைவியை, மருமகளை அந்தக் கட்டளையின் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறோம். நான் டி.வி. முன்னால் சாய்ந்திருக்க, அவர் அடுப்பு முன்னால் நின்றால், அன்று நான் அனுபவித்த ஓய்வு அவரிடமிருந்து எடுத்தது.

செய்யக்கூடிய ஒரு வழி

எனவே ஒரு சிறு திட்டம் சொல்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை வீட்டு வேலை நாளாக வையுங்கள். வங்கிக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. அரசு அலுவலகங்களுக்குச் சனி விடுமுறை. இரண்டாவது சனியை வைத்துக்கொள்வது பலருக்கு வசதியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை இரவு செபமாலை முடிந்ததும், ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். குழாய் வாஷர் மாற்றுவது, செயின் இறுக்குவது, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலையை எடுப்பது, முருங்கையின் நீண்ட கிளையைக் கழிப்பது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்று எது இருந்தாலும் எழுதுங்கள். பெரிய வேலை ஒன்று, சிறியவை நான்கு போதும். பிறகு பெயர் போடுங்கள். வண்டி வேலையில் மகள் பெயர் இருக்கட்டும். சமையலில் மகன் பெயர் இருக்கட்டும். அம்மாவின் பெயரை எழுதும்போது, அவர் வாரம் முழுவதும் செய்யும் வேலையையே மறுபடி எழுதாதீர்கள். அவருக்குப் பிடித்த ஒன்றை அவரே சொல்லட்டும். வயதானவர்களை விட்டுவிடாதீர்கள், எந்தச் செடிக்கு எந்தப் பட்டம் என்று தாத்தாவுக்குத் தெரிந்தது கைபேசியில் தேடிக் கிடைக்காது.

சனிக்கிழமை மாலையில் துணி துவைத்து, இட்லிக்கு மாவு அரைத்து, ஞாயிறு சமையலுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டால், மறுநாள் காலையில் ஐந்து பேரும் ஒன்றாகக் கோவிலுக்கு வரலாம். முதல் பூசைக்குக் கணவனும் பிள்ளைகளும், சமையல் முடித்துவிட்டு இரண்டாம் பூசைக்கு மூச்சு வாங்க ஓடிவரும் மனைவியும் என்ற பிரிவு வேண்டாம்.

"சாமி, எங்களுக்குச் சனிக்கிழமையே இல்லையே" என்று சொல்பவர்கள் இருக்கிறீர்கள். செங்கல் சூளையிலும், கரும்பு வெட்டிலும், கடையிலும், கம்பெனி ஷிப்டிலும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஞாயிறு திருப்பலியை முதலில் வையுங்கள். பிறகு இரண்டு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து வேலை செய்யுங்கள். மதியத்துக்குமேல் கருவிகளைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முடியாமல் மிஞ்சிய வேலை அடுத்த வாரத்துக்கு நிற்கட்டும். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் ஓய்வு என்று காத்திருந்தால், சாகும்வரை ஓய்வு கிடைக்காது. நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். தனியாக இருக்கும் விதவைத் தாயின் ஓட்டை மாற்ற, இரண்டு குடும்பங்கள் ஒரு சனிக்கிழமையைக் கொடுக்க முடியும். வெள்ளத்தின்போது செய்தோம். வெயிலிலும் செய்யலாம்.

அன்புக்குரியவர்களே, 2024 டிசம்பர் 8-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு நற்செய்தி, ஆண்டவருக்கு வழியைச் சீர்ப்படுத்தச் சொல்லும் யோவானின் குரல். பள்ளத்தை நிரப்புவதும் கோணலை நேராக்குவதும் அந்த வாசகத்தில் வருகின்றன. அன்று நம் கைகளில் மண்வெட்டி இருந்தது. இந்த வாரம் உங்கள் வீட்டில் எந்தப் பள்ளம் நிரம்ப வேண்டும், யாருடைய தோளிலிருந்து எந்தச் சுமை இறங்க வேண்டும் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வீட்டில் உள்ள பெண்களைக் கேளுங்கள். அவர்களுக்குப் பதில் தெரியும்.

செபிப்போம். நாசரேத்தில் கையால் உழைத்த ஆண்டவரே, எங்கள் வேலையை ஆசீர்வதியும். நாங்கள் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கவும், உமது நாளில் எங்கள் வீட்டில் ஒருவர்கூட விடுபடாமல் இளைப்பாறவும் வரம் தாரும். தூய யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.